பிகாஷ் இப்போது பேசுவான்

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. பிகாஷை ஊர்க்கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நிற்க வைக்க வேண்டும்.

ஓர் ஆளை ஓரிடத்தில் நிற்க வைப்பதில் அப்படி என்ன தவறு நடந்துவிட முடியும் என்று நீங்கள் கேட்கலாம். சனிக்கிழமை இரவு வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊர், கொல்லிமலையில் குண்டூர் நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே என் மேல் வழக்கு நிலுவையில் இருக்கிறது.

பிகாஷ் ஒடிசாக்காரன். மலைப்பாதை வளைவுக்கு மேலே புதிதாக எழும்பும் தங்கும் விடுதியில் சென்ட்ரிங் வேலை. இருப்பது தகரக் கொட்டகையில், மற்ற ஆட்களோடு. உள்ளே ஒரு பல்பு, வெளியே சாக்கு கட்டிய குளியலறை. இந்த நிலையில் அவன் மனைவி சுனிதா கைக்குழந்தையோடு அங்கிருந்து ரயில் ஏறிவிட்டாள். திங்கட்கிழமை சேலத்தில் இறங்குகிறாள். அதற்குள் ஒரு வீடு வேண்டும். இல்லையென்றால் தகரக் கொட்டகைதான்.

வீடு இருந்தது. என் பக்கத்துத் தோட்டத்துப் பொன்னாயியின் வீடு. மகன்கள் இருவரும் குடகுக்கு மிளகு பறிக்கப் போய்விட்டதால் கீழ் வீடு பூட்டிக் கிடந்தது. கொடுக்க அவளுக்குச் சம்மதம். ஆனால் வெளியாளுக்கு வீடு விட வேண்டுமென்றால் ஊர் ஒப்ப வேண்டும். அது இங்கே வழக்கம்.

சனிக்கிழமை பொன்னாயி என் வேலியோரம் வந்து நின்றாள்.

"ஏனுங்க சாரு, நாளைக்கு அந்தக் கண்ணக் கூட்டியாந்து கல்லுகிட்ட நிக்க வெச்சுருங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

"அவன் என்ன பேசணும்?"

"ஒண்ணும் பேச வேண்டாமுங்க. நின்னாப் போதும்."

இதை நான் அவளுடைய பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். வெளியூர்ப் பையன், பாவம், பேச வராது என்று விட்டுக்கொடுக்கிறாள். விடலாமா? நான் எதற்கு இருக்கிறேன்?

நான் எதற்கு இருக்கிறேன் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

கொஞ்ச நாள் முன்பு இதே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். உங்களில் பலர் படித்திருப்பீர்கள். பிழைக்க வந்தவர்கள் வந்த இடத்தின் மொழியைக் கற்க வேண்டாமா என்பது பொருள். காரணம், செம்மேட்டு பேக்கரி ஒன்றில் சர்க்கரை இல்லாத டீ கேட்டேன். வடக்கத்திப் பையன் சர்க்கரையோடு கொண்டுவந்து வைத்தான். அந்த ஒரு கரண்டி சர்க்கரையிலிருந்து பண்பாட்டுக்கு ஒரே தாவாகத் தாவியிருந்தேன்.

கடைசி வரி இது: 'தமிழ் அறியாதவர்க்கு இம்மண்ணில் இடமில்லை.'

எழுதும்போது வரி நன்றாக முடிந்தது. வரி நன்றாக முடிந்துவிட்டால் பொருளைத் திரும்பிப் பார்க்க மாட்டேன். சிற்றிதழில் எழுதிப் பழகிய கை.

கட்டுரைக்கு நல்ல வரவேற்பு. அதிகம் கைதட்டியவர்கள் துபாயிலும் நியூஜெர்சியிலும் இருக்கும் நண்பர்கள். பிராங்க்பர்ட்டிலிருந்து ஒருவர் 'நெருப்பு!' என்று எழுதினார். அவர் அங்கே போய் பல வருடம் ஆகிறது. இன்னும் பல் மருத்துவரிடம் போவதற்குத் துணைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போகிறார், பேசுவதற்கு.

இப்படிப்பட்ட கட்டுரை எழுதியவன், கையில் ஓர் ஒடிசாக்காரனும் ஓர் ஊர்க்கூட்டமும் ஒரே வாரத்தில் கிடைத்தால் சும்மா நிற்க வைத்துவிட்டு வருவானா?

ஆகவே, பொன்னாயி வந்து சொல்வதற்கு முன்பே, அந்த வாரம் முழுக்க நான் பிகாஷுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவனிடம் ஏற்கெனவே கொஞ்சம் தமிழ் இருந்தது. வா, போ, தூக்கு, ஊத்து, சீக்கிரம், நாளைக்குப் பாக்கலாம். நாம் அவனுக்குக் கொடுத்த தமிழ் அவ்வளவுதான். எல்லாமே மேலே நின்று கீழே பார்த்துச் சொல்வது. அதையே அவன் நம்மைப் பார்த்துத் திருப்பிச் சொன்னால் மரியாதை தெரியாதவன் என்கிறோம்.

"பிகாஷ், உனக்காக ஒரு உரை எழுதியிருக்கேன்."

"உறை? சிமெண்ட் மூட்டை உறை, சார்?"

"பேச்சு. ஸ்பீச். நீ ஊர் முன்னாடி பேசப் போற."

"நான் பேசணும்? பொன்னாயிம்மா பேசும் சொல்லுச்சு."

"நீ பேசினா மதிப்பே வேற."

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு ஒரு கேள்வி கேட்டான்.

"சார் பெங்களூர்ல ரொம்ப வருஷம் வேலை சொன்னீங்க. கன்னடா பேசுவீங்க?"

"அது வேற. அங்கே ஏ.சி. ஆபீஸ்."

"ஓ," என்றான் பிகாஷ், மிகுந்த மரியாதையோடு.

உரை வாயில் நுழைந்ததும் அவனுக்கே பிடித்துவிட்டது. சாரத்தின் மேல் நின்று சொல்லிப் பார்ப்பான். கீழே கலவை போடுகிறவர்கள் கைதட்டுவார்கள். தேர்தல் நேரத்தில் ஜீப்பில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறான் போலிருக்கிறது. வலது கையை உயர்த்துவதை அவனாகவே சேர்த்துக்கொண்டான். மனைவிக்கும் போனில் பேசிக் காட்டினான். அவன் போனில் சிமெண்ட் தண்ணீர் புகுந்து காதில் வைத்தால் கேட்காது. ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்யும். அதனால் சுனிதா விழுந்து விழுந்து சிரித்தது கொட்டகை முழுவதும் கேட்டது.

ஞாயிறு காலை. மூடுபனி. ஊர்க்கோயிலுக்கு முன்னால் இடுப்பு உயரத்தில் ஒரு கல் நிற்கிறது. கூட்டம் அதற்கு முன்னால்தான். செருப்பைத் தெருமுனையிலேயே விட்டுவிட வேண்டும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், ஈரத் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஊர்க்கவுண்டர் அவசரத்தில் இருந்தார். அவருடைய மரவள்ளிக் குச்சிக்கிழங்கை ஏற்ற ஆத்தூர் லாரி வந்து ரோட்டில் நின்றது. டிரைவர் அவ்வப்போது ஹாரன் அடித்தான். ஒவ்வொரு ஹாரனுக்கும் கவுண்டர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

பிகாஷ் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, கல்லுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எனக்குச் சொன்ன வேலை முடிந்தது. அங்கேயே நான் வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம்.

பொன்னாயி எழுந்தாள்.

"இந்தக் கண்ணு நல்ல கண்ணுங்க. கோழி திருடல, குடிச்சுப்போட்டு ரோட்டுல கெடக்கல. பொண்டாட்டி கொழந்தையோட வருது. என்ற ஊடு சும்மாத்தான் கெடக்குது. ஊரு சரின்னா சாவியக் குடுக்கறேன்."

பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல். பிக்கப் வண்டி ஓட்டும் மணி.

"தமிழே தெரியாத ஆளுங்களுக்கு எப்படிங்க ஊடு விடறது? நாளைக்கு ஒண்ணுன்னா யாருகிட்டப் பேசறது?"

பொன்னாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ற பசங்க ரெண்டு பேரும் குடகுல கெடக்கறானுங்க மணி. அங்க எவனும் அவனுங்களப் பேசச் சொல்லல. ஏணி ஏறச் சொல்றான். பேசத் தெரிஞ்சிருந்தா சண்ட போட்டுட்டு எப்பவோ ஊடு வந்து சேந்திருப்பானுங்க."

பெண்கள் பக்கம் சிரிப்பு. மணி உட்கார்ந்துவிட்டான். லாரி ஹாரன் அடித்தது.

"அப்பறம் வேற யாருக்காச்சும் சொல்லறதுக்கு இருக்குதா? இல்லீல்ல?" கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப ஊரு ஒத்துக்..."

"ஐயா, ஒரு நிமிஷம்!" என்று ஒரு குரல் கேட்டது.

என் குரல்தான்.

"பிகாஷ் இப்போது பேசுவான்."

பொன்னாயி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை, அவள் மிளகு காயும் பாயில் ஆடு ஏறியபோது மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

கவுண்டர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். மரியாதை காட்டுகிறார் என்று நினைத்து நான் பிகாஷுக்குக் கண் காட்டினேன்.

பிகாஷ் வலது கையை உயர்த்தினான்.

"பெருமதிப்பிற்குரிய ஊர்ப் பெரியோர்களே! தாய்மார்களே! வடக்கே பிறந்தேன். இந்த மலையின் தண்ணீரைக் குடித்து வளர்கிறேன். இன்று முதல் நான் பொன்னாயி அம்மாள் வீட்டுப் பிள்ளை. இந்த மண்ணுக்காக என் தலையையும் தருவேன். நன்றி! வணக்கம்!"

ஓர் எழுத்தும் பிசகவில்லை. நான் கைதட்டினேன்.

நான் மட்டும்தான் தட்டினேன்.

முதலில் பேசியது கவுண்டர். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எந்தத் தண்ணிங்க?"

"ஐயா?"

"மலைத் தண்ணியக் குடிக்கறேன்னு சொல்லுதே இந்தப் பையன். பைப்புத் தண்ணியா, ஊத்துத் தண்ணியா?"

பிகாஷ் என்னைப் பார்த்தான். இந்தக் கேள்வி உரையில் இல்லை.

"ஊத்து," என்றான், உண்மையாக.

கூட்டம் கலைத்துவிட்ட தேனடைபோல் இரைந்தது. விடுதிக் கட்டடத்துக்கு ஊர்ப் பொது ஊற்றிலிருந்து, யாரையும் கேட்காமல், ஹோஸ் போட்டுத் தண்ணீர் எடுக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதுவரை யாரும் கல்லுக்கு முன்னால் அதைச் சொன்னதில்லை. சொல்லாதவரை அது ஊரில் இல்லாத விஷயம்.

அதற்குள் பொன்னாயியின் கொழுந்தனார் எழுந்துவிட்டார்.

"பொன்னாயி ஊட்டுப் புள்ளைன்னு சொல்லிப்போட்டானே. புள்ளைன்னா நாளைக்குக் காட்டுல பங்கு கேப்பானா, மாட்டானா? அதச் சொல்லச் சொல்லுங்க."

"அட, நீங்க வேற!" என்றாள் பொன்னாயி.

"நான் சொல்லலீங்க, அவன்தான் சொன்னான். கல்லு கேட்டுச்சு."

"தலையத் தாரேன்னும் சொன்னான்," என்றது இன்னொரு குரல். "எதோட தல? ஆடா, சேவலா? எந்த நோம்பிக்கு வெட்டறது?"

நான் பின்வரிசைக்குப் போய் மணியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னப்பா நடக்குது?"

மணி கல்லை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிசுகிசுத்தான்.

"இங்க தனக்காகத் தானே பேசக் கூடாதுங்க சார். அடுத்தவங்கதான் பேசோணும். அடுத்தவங்க சொன்னா அது பரிந்துரை, கூடக் கொறைய இருந்தாத் தள்ளிரலாம். தன்ற வாயால சொன்னா அது வாக்கு. விசாரிச்சு முடிக்காம வேற பேச்சு எடுக்க முடியாது."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"பொன்னாயக்கா சொல்லுச்சாமே உங்ககிட்ட?"

சொல்லியிருந்தாள். நின்றாப் போதும் என்று தெளிவாக, தமிழில்.

வீடு கேட்டு வந்தவன் மேல் இப்போது மூன்று வழக்கு. தண்ணீர், சொத்து, ஓர் ஆடு. முந்தைய நிமிடத்தில் 'ஒத்துக்' வரை வந்திருந்த வீடு அது. சுனிதா அப்போது ஆந்திராவைத் தாண்டிக்கொண்டிருப்பாள்.

சரி செய்துவிடலாம் என்று நான் எழுந்தேன். எல்லாமே இன்னும் மோசமாவது வழக்கமாக இந்தக் கட்டத்தில்தான்.

"ஐயா, அது சும்மா அலங்காரம்ங்க. அப்படியே எடுத்துக்கக் கூடாது."

"அலங்காரம்னா?"

"மேடைப் பேச்சுல அப்படிச் சொல்றதுதான். நிஜமாச் சொல்றதில்ல."

"நிஜமாச் சொல்லலீன்னா?" கவுண்டர் கல்லை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "பொய்யா?"

"ஐயய்யோ, பொய் இல்லீங்க!"

"நெசமும் இல்ல, பொய்யும் இல்ல. அப்பறம் எதுக்குங்க சொல்றது?"

முப்பது வருட இலக்கிய வாழ்க்கையில் என்னை யாரும் இவ்வளவு நேரடியாக மடக்கியதில்லை.

"யாரு எழுதிக் குடுத்தது?"

"நான்தாங்க."

சொன்னபிறகுதான் உறைத்தது. இப்போது நானும் என் வாயால் சொல்லிவிட்டேன்.

இந்த நேரம் பார்த்து மணிக்கு உதவி செய்யும் எண்ணம் வந்தது. அவன் என் வாசகன். அதை அதுவரை அவன் என்னிடம் சொன்னதில்லை.

"சார் பெரிய எழுத்தாளருங்க. இந்த வெசயத்தப் பத்தியே எழுதியிருக்காரு. நான் எல்லா குரூப்புக்கும் அனுப்பியிருக்கேன். படிக்கறேன், கேளுங்க."

"மணி, வேண்டாம்," என்றேன்.

"இருங்க சார், கூச்சப்படாதீங்க."

படித்தான். நல்ல கணீர்க் குரல். சர்க்கரையிலிருந்து தொடங்கிக் கடைசி வரி வரை. 'தமிழ் அறியாதவர்க்கு இம்மண்ணில் இடமில்லை.' அந்த வரி வாய்விட்டுப் படிக்கும்போது இன்னும் நன்றாக முடிந்தது.

கவுண்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஏனுங்க சாரு, நீங்க இந்தப் பையனுக்கு ஊடு குடுக்கோணும்ங்கறீங்களா, குடுக்கக் கூடாதுங்கறீங்களா?"

"குடுக்கணும்ங்க."

"இதுல எடமில்லைன்னு எழுதியிருக்குது?"

"அது பொதுவா எழுதினது."

"பொதுவாங்கறது யாருங்க? நம்மூரா?"

பெண்கள் பக்கத்திலிருந்து பொன்னாயியின் குரல் வந்தது. "சாருக்குத் தெரிஞ்சவங்களா இருக்கும்."

"இவன் பொண்டாட்டி, வரப்போற அந்தப் புள்ளைக்குத் தமிழ் தெரியுமா?" என்றார் கவுண்டர்.

"தெரியாதுங்க."

"அப்ப உங்க எழுத்துப்படி அதுக்கு எடமில்ல."

"ஆமாங்க... இல்லீங்க..."

இதுவரை தலையாட்டிக்கொண்டு மட்டும் இருந்த ஒருவர், ஊற்றுக்குக் காவல் இருப்பவர், அமைதியாக ஒன்று கேட்டார்.

"அது கெடக்கட்டும்ங்க. சாரு இங்க வந்து நாலு வருசம் ஆச்சு. வந்தப்ப சாருக்காக இந்தக் கல்லுகிட்ட யாருங்க பேசுனது?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் பேசியிருக்கவில்லை. தோட்டமும் வீடும் நண்பர் ஒருவருடையவை. அவர் சேலத்தில் வைத்துச் சாவியைக் கொடுத்தார். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

"ஊர்கிட்டக் கேக்கணும்னு எனக்குத் தெரியாதுங்க."

"சொல்லலாம்னுதான் நாங்க ரெண்டு மூணு பேரு உங்க ஊட்டுக்கு வந்தோம்," என்றார் அவர். "நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க. டீ ஆறிப்போச்சு. எந்திரிச்சு வந்துட்டோம்."

எனக்கு நினைவிருக்கிறது. இந்த மலையின் வாய்மொழி மரபைப் பற்றி அவர்களுக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் கிளம்பிப் போனபோது, உள்ளூர் மக்களோடு ஓர் அருமையான உரையாடல் என்று அன்றிரவு எழுதியும் வைத்தேன்.

லாரி நீளமாக ஹாரன் அடித்தது.

"இது இன்னிக்கு முடியாதுங்க," என்றார் கவுண்டர். "தண்ணி வெசாரிக்கோணும், பங்கு வெசாரிக்கோணும், ஆடு வெசாரிக்கோணும். அடுத்த கூட்டத்துல பாக்கலாம். அதுவரைக்கும் ஊடு விட முடியாது."

பிகாஷுக்கு அந்த வாக்கியம் விளங்கியது. 'முடியாது' அவன் நிறையக் கேட்ட சொல். உயர்த்திய கை எப்போது இறங்கியதென்று தெரியவில்லை, உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சார், நான் தப்பு சொல்லிட்டேன்?" என்று கேட்டான்.

அப்போது பொன்னாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி எழுந்தாள்.

"கவுண்டரே, இந்தக் கண்ணுக்கு நான் ஊடு கேக்கல."

"இப்பத்தானே கேட்ட?"

"அத விட்டுப்போட்டேன். அது பொண்டாட்டிக்குக் கேக்கறேன். அந்தப் புள்ள பேரு சுனிதா. அது இந்தக் கல்லுகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்குதா? தண்ணி குடிக்கறேன்னு சொல்லுச்சா? பங்குக்கு வாரேன்னு சொல்லுச்சா? தலையத் தாரேன்னு சொல்லுச்சா?"

கவுண்டர் யோசித்தார். ஊற்றுக் காவலர் யோசித்தார். கொழுந்தனார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"சொல்லல," என்றார் கவுண்டர்.

"அப்ப அது மேல வழக்கில்ல. ஊட்ட அதுக்கு விடறேன். இவன் அது புருசனா வந்து இருந்துக்கிட்டும். இவன் வழக்கு அதுபாட்டுக்கு நடக்கட்டும்."

"அதுக்குத் தமிழே தெரியாதேக்கா!" என்றான் மணி.

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றார் கவுண்டர். துண்டு மறுபடி தோளுக்கு ஏறியது. "அப்ப ஊரு..."

பிகாஷின் போன் அடித்தது.

பையில் கையை விட்டு, எடுத்து, பொத்தானை அழுத்தினான். பழக்கம்.

"ஐயோ, பேச விடாதீங்க!" என்று பொன்னாயி கத்துவதற்குள் சுனிதாவின் குரல் கல்லுக்கு முன்னால் பெருக்கெடுத்துவிட்டது. ஸ்பீக்கர். ரயில் தடதடப்பு, குழந்தை அழுகை, அதற்கு மேலே அவள், மூச்சு விடாமல், ஒடியாவில்.

இந்த ஒரு காரியத்தையாவது சரியாகச் செய்வோம் என்று நான் பாய்ந்தேன்.

வெறுங்கால். பாசித் தரை. போனை எட்டிப் பிடிக்கும் நேரத்தில் கால் எதிலோ மாட்டியது. விழுந்தேன். விழுந்த வேகத்தில் அந்த எதுவோ பிடுங்கிக்கொண்டது. புஸ்ஸென்று என் முகத்தில் தண்ணீர்.

ஹோஸ். ஊற்றிலிருந்து விடுதிக்குப் போகும் அதே ஹோஸ். கோயில் ஓரமாக இலைக்கு அடியில் போட்டிருந்தார்கள். நான் பிடுங்கியது அதன் இணைப்பை. அந்த இடத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை விடுதிக்கு.

இன்னொரு கிளை என் மிளகுக் கொடிகளுக்கு.

கூட்டம் முழுவதும் அந்தக் கிளை போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்துபோய் என் வேலியில் நின்றது.

"அது தோட்டத்துக்கு வேண்டி..." என்று ஆரம்பித்தேன், தரையில் கிடந்தபடி.

"பேசாதீங்க சார்!" என்றான் மணி, பதறி. "சொல்லச் சொல்ல சேந்துக்கிட்டே போவுது!"

சுனிதா பேசிக்கொண்டே இருந்தாள். போன் கல்லின் அடியில் போய் விழுந்திருந்தது. எடுக்க யாருக்கும் தைரியமில்லை. ஒருவழியாக அவளே சொல்லி முடித்து வைத்தாள். தண்ணீர் மட்டும் என் தோள் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"அந்தப் புள்ளையும் பேசிப்போட்டுதே," என்றார் கொழுந்தனார், திருப்தியாக.

கவுண்டர் லாரியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

"என்ன சொல்லுச்சுன்னு உங்கள்ல யாருக்காச்சும் வெளங்குச்சா?"

யாருக்கும் விளங்கவில்லை.

"மணி, உனக்கு?"

"இல்லீங்க."

"சாரு, நீங்க நெறையப் படிச்சவரு. உங்களுக்கு?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

கடைசியாக எல்லோரும் பிகாஷைப் பார்த்தார்கள். அவனுக்கு மட்டும்தான் விளங்கியிருக்கும். அவள் ஊற்றுத் தண்ணீரைக் கேட்டாளா, ஆட்டைக் கொடுத்தாளா, காட்டில் பங்கு கேட்டாளா, அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

பிகாஷ் கையைக் கட்டினான். உதட்டை இறுக்கி மூடினான். கல்லுக்கு முன்னால் இன்னொரு கல்லாக நின்றான்.

"வெளங்காதது வழக்குல சேராது," என்றார் கவுண்டர். "அந்தப் புள்ளைக்கு ஊடு விட ஊரு ஒத்துக்குச்சு." சொல்லி முடித்தபோது அவர் பாதி தூரம் லாரியை நோக்கிப் போயிருந்தார்.

சுனிதா திங்கட்கிழமை வந்து சேர்ந்தாள். பொன்னாயி சாவியை அவள் கையில்தான் கொடுத்தாள். பிகாஷ் கை நீட்டியபோது கொடுக்கவில்லை. பெட்டியை வளைவிலிருந்து வீடு வரை நான் சுமந்தேன். யாரும் சுமக்கச் சொல்லவில்லை. சொல்லாமல் செய்வது எனக்கு நல்லது என்று பட்டது.

அடுத்த கூட்டத்தில் என் வழக்குகள் வருகின்றன. தண்ணீர் ஒன்று. கட்டுரை ஒன்று. கல்லுக்கு முன்னால் நிஜமும் இல்லாத பொய்யும் இல்லாத பேச்சை எழுதிக் கொடுத்தது ஒன்று. எனக்காகப் பேச ஓர் ஆள் வேண்டும். பொன்னாயியைக் கேட்டேன். "வேல கெடக்குதுங்க" என்றாள். மணியைக் கேட்டேன். "கட்டுரைய நான்தானே படிச்சேன், நான் எதிர்க்கட்சிங்க சார்" என்றான். பிகாஷ் ஆவலாகத்தான் இருக்கிறான், கையை உயர்த்திக் காட்டினான். ஆனால் வழக்கு உள்ளவன் இன்னொருவனுக்குப் பேச முடியாது.

ஊரில் மற்ற யாரும் முன்வரவில்லை. மிச்சம் இருப்பது ஒரே ஆள். ஊர் முறைப்படி ஒத்துக்கொண்ட, எந்த வழக்கும் இல்லாத ஒரே வெளியாள்.

நேற்று போய் சுனிதாவின் வாசலில் நின்றேன். கையைக் கட்டிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

உள்ளேயிருந்து பொன்னாயி எட்டிப் பார்த்தாள். "நாலு வருசம் கழிச்சு இப்பத்தான் சாருக்கு நம்மூருப் பேச்சு வருது," என்றாள்.

சுனிதா குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்து, நீளமாக ஏதோ சொன்னாள். பிகாஷ் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

நல்லவேளை, எனக்கு விளங்கவில்லை. விளங்காதது வழக்கில் சேராது.